தோண்டி எடுத்த பழைய உலோகப் பொருள் என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுத்த எவருக்கும் சீக்கிரமே இந்த நிலை வரும். கருவி சத்தம் போட்டது, தோண்டினோம், உள்ளங்கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

மண்ணிலிருந்து எடுத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தேய்க்காமல் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்வது கஷ்டம், ஏனென்றால் வட்டமாக ஏதாவது தெரிந்தாலே கட்டைவிரல் தானாகப் போய் மண்ணைத் தள்ளும். அந்த மண்ணில் இருக்கும் மணல் துகள் வெள்ளியைவிட, செம்பைவிட, பித்தளையைவிடக் கடினமானது. விரலால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த புதிதில் மெல்லிய வெள்ளிக் காசு ஒன்றை அங்கேயே நின்று பேன்ட்டில் தேய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் நாலைந்து எழுத்து தெரிந்தது, இன்னும் கொஞ்சம் தெரியட்டும் என்று மறுபடி தேய்த்தேன், அந்த எழுத்தே போய்விட்டது. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த அரசர் காலத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இதை முதல் பதிலாக வைத்திருக்கிறேன்.

தேய்ப்பதற்குப் பதிலாக, பொருள் குழியில் கிடக்கும்போதே ஒரு படம் எடுங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழம், மண் கறுப்பா செம்மண்ணா களிமண்ணா, பக்கத்தில் கரியோ ஓடோ செங்கல்லோ இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் வரைபடத்தில் இடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மண்ணோடு சேர்த்தே ஒரு சின்னப் பையில் போட்டு எண் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த உலோகம் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். உலோகத்தின் சொந்த நிறத்தைத் தேட வேண்டாம், அது மண்ணுக்குள் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

பச்சை என்றால் செம்போ, செம்பு கலந்த உலோகமோ. களிம்பு ஏறியிருக்கிறது. செம்பா, பித்தளையா, வெண்கலமா என்று அந்தப் பச்சையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, அனுபவசாலிகளே தவறாகச் சொல்வார்கள். அதனால்தான் அருங்காட்சியகப் பதிவுகளில் பொதுவாக ‘செம்புக் கலவை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வழவழப்பான கரும்பச்சை நல்ல அறிகுறி, மேற்பரப்பு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். உரம் போட்டு உழுத நிலத்தில் கிடைப்பது சொரசொரப்பாக, குழி குழியாக இருக்கும்.

வெள்ளி கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வரும், சில சமயம் ஊதா கலந்திருக்கும். நல்ல தரமான வெள்ளி பல நிலங்களில் வெள்ளையாகவே வந்துவிடும். வெள்ளி நிறக் காசில் பச்சை தெரிந்தால் அதில் செம்பு நிறைய கலந்திருக்கிறது, அல்லது செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய பழைய கள்ளக்காசாக இருக்கலாம். அப்படிப்பட்ட கள்ளக்காசும் வரலாற்றுப் பொருள்தான், தூக்கிப் போடாதீர்கள்.

ஈயம் மேலே வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல இருக்கும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அந்த வெள்ளைப் பூச்சு விஷம். தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். வெள்ளீயக் கலவைகள் மங்கலான சாம்பல் நிறத்தில், கொப்புளம் வந்தது போல இருக்கும். அலுமினியத்திலும் வெள்ளைப் பொடி படியும், ஆனால் எடையே இருக்காது.

இரும்பு பற்றிச் சொல்லவே வேண்டாம், துருவும் மண்ணும் சிறு கல்லும் சேர்ந்து உருண்டையாகி இருக்கும். உள்ளே இருக்கும் பொருளின் உருவமும் வெளியே தெரியும் உருவமும் வேறு வேறாக இருக்கலாம்.

தங்கம் மட்டும் போட்டது போலவே வரும். நூறு வருடம் கிடந்தாலும் மண்ணைத் தண்ணீரில் அலசினால் மஞ்சளாக மின்னும். பித்தளையா தங்கமா என்று ரொம்ப நேரம் யோசிக்க வேண்டிய அளவுக்குப் பச்சை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் பித்தளைதான். தரம் குறைந்த தங்கத்தில் செம்பு அதிகம் என்பதால் லேசாக மங்கலாம், அவ்வளவுதான்.

காந்தம் வைத்துப் பார்ப்பது உதவுமா?

உதவும், ஆனால் பாதி விடைதான் கிடைக்கும். ஒட்டினால் இரும்பு, எஃகு, நிக்கல், அல்லது எஃகின் மேல் முலாம் பூசியது. வெள்ளி முலாம் பூசிய எஃகுக் கரண்டியும், செம்பு பூசிய எஃகு நாணயமும் இதில் உடனே மாட்டிக்கொள்ளும். பிரிட்டிஷ் பென்னி 1992 முதல் செம்பு பூசிய எஃகில் வருகிறது, அதற்கு முந்தைய வெண்கலப் பென்னி ஒட்டாது. முழுக்கத் துருவாகிப்போன இரும்பு லேசாகத்தான் இழுக்கும், அதையும் நினைவில் வையுங்கள். ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது, பித்தளையும் ஈயமும் அலுமினியமும்கூட ஒட்டாது.

ஒரு எடை பார்க்கும் முறை இருக்கிறதாமே?

ஆமாம், சமையலறை மேடையிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் பொருளை அப்படியே எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருள் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். ஒரு மோதிரம் காற்றில் 5.20 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 0.50 என்றால் 10.4. அது வெள்ளிக்கு ஒத்துப்போகிறது.

தூய தங்கம் 19.3, 22 காரட் சுமார் 17.7, ஈயம் 11.3, தூய வெள்ளி 10.5, செம்பு 8.9, பித்தளை சுமார் 8.5, இரும்பு 7.9, வெள்ளீயம் 7.3, துத்தநாகம் 7.1, அலுமினியம் 2.7. கல் பதித்தது, உள்ளே கூடாக இருப்பது, மண் அடைத்திருப்பது ஆகியவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. சிறிய காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு மாறிவிடும், அதனால் மூன்று முறை செய்து பாருங்கள். முக்கியமாக, விரிசல் விட்ட பொருளையும், பச்சைப் பொடி உதிரும் பொருளையும் இதற்காகத் தண்ணீரில் போடாதீர்கள்.

கருவி காட்டும் எண்ணை நம்பலாமா?

கீழே என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் வரும் எண்ணைத்தான் கேட்கிறீர்கள். கேட்டுக்கொள்ளலாம், முழுக்க நம்ப முடியாது. பொருள் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எப்படிக் கிடக்கிறது எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதனால் சிறிய தங்க மோதிரமும், குளிர்பான டின்னை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணுக்குக் கருவி சத்தம் போடாதபடி அணைத்து வைத்தவர்கள் தங்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டுத்தான் நடக்கிறார்கள். பெரிய இரும்புத் துண்டும், நடுவில் ஓட்டை உள்ள இரும்பு வளையமும் வெள்ளி போலச் சத்தம் போடும்.

இந்தக் குழப்பம் கருவி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1881இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது உடம்புக்குள் இருக்கும் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோடு போனார். அவரால் குண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். நமக்கும் அதே கதைதான். பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தால் போதும், நல்ல காசின் எண்ணும் கீழே இறங்கிவிடும்.

வட்டமாக, தட்டையாக இருக்கிறது. காசா, பொத்தானா?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இதை எழுதும்போது மேசை மேல் ஒன்று வைத்திருக்கிறேன். 26 மில்லிமீட்டர் குறுக்களவு, கரும்பச்சை, ஒரு பக்கம் வெறுமை. கையில் வாங்குகிற எல்லோரும் முதலில் காசு என்றுதான் சொல்வார்கள். சன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கம் நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது. அந்த மேட்டைச் சுற்றி மெல்லிய வளையங்கள், இசைத்தட்டில் இருப்பது போல. மேடு இருப்பது நூல் கோக்கும் காது உடைந்து போன இடம். வளையங்கள் கடைசல் இயந்திரத்தில் வைத்து மழித்த தடம். காசை யாரும் அப்படி மழிக்க மாட்டார்கள். ஆக இது பொத்தான். ஒரே தகடாக, பின்னால் காது வைத்துப் பற்றவைத்த இந்த மாதிரித் தட்டைப் பொத்தான்கள் ஐரோப்பியர் உடையில் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் சர்வசாதாரணம். பின்பக்கத்தில் சிறு எழுத்துகள் இருந்தால் லென்ஸ் வைத்துப் படியுங்கள். தங்க முலாம் என்றும், நல்ல நிறம் என்றும் விளம்பரம் போலப் பொறித்திருப்பார்கள், தயாரித்தவர் பெயரும் இருக்கலாம். பெயர் கிடைத்துவிட்டால் காலத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். நாலு ஓட்டை போட்டுத் தைக்கும் தகரப் பொத்தான் என்றால் அது அதற்குப் பிந்தையது. முன்பக்கம் எண்ணோ கிரீடமோ நங்கூரமோ இருந்தால் சீருடைப் பொத்தானாக இருக்கலாம், எண் படைப்பிரிவைக் குறிக்கும்.

காசு என்றால் இரண்டு பக்கமும் வேலைப்பாடு இருக்கும், அல்லது இருந்து தேய்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் உருவம், மறுபக்கம் குழி என்றால் பதக்கமோ உடையில் தைத்த அலங்காரமோ. விளிம்பில் ஓட்டை போட்டிருந்தால் யாரோ கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். காசு போலவே இருக்கிறது, ஆனால் அரசரும் இல்லை நாடும் இல்லை, கடைப் பெயரோ எண்ணோ மட்டும் இருக்கிறது என்றால் அது டோக்கன்.

எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்த காசை என்ன செய்வது?

முதலில் வெளிச்சம். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை மேசையோடு மேசையாகக் கிடைமட்டமாக வைத்துக் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாக இருந்தது பக்கவாட்டு வெளிச்சத்தில் மூக்கு, கிரீடம், ஒரு எண் என்று எழுந்து வரும். ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து எடை, குறுக்களவு, விளிம்பு. இந்த மூன்றும் உருவம் அழிந்தாலும் ஓரளவு மிஞ்சும். வட்டம் சரியில்லாமல், உருவம் ஒரு பக்கம் தள்ளி விழுந்திருந்தால் சுத்தியலால் அடித்துச் செய்த காசாக இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு ஒரே சீராக, கோடு போட்டிருந்தால் இயந்திரத்தில் செய்தது. இங்கிலாந்தில் 1662இல்தான் சுத்தியல் காசு நின்று இயந்திரக் காசு முழுமையாக வந்தது. மற்ற நாடுகளில் இந்த மாற்றம் முன்னும் பின்னுமாக நடந்தது. அரை வட்டமாகவோ கால் வட்டமாகவோ நேர் வெட்டோடு வெள்ளித் துண்டு கிடைத்தால் உடைந்தது என்று ஒதுக்காதீர்கள், சில்லறைக்காக வேண்டுமென்றே வெட்டியது அது. நடுக்கால இங்கிலாந்தில் பென்னியின் பின்புறச் சிலுவைக் கோட்டின் மேலேயே வெட்டி அரையும் காலுமாகப் புழங்கினார்கள்.

காசின் ஒரு பக்கத்தை நேராகப் பிடித்து, செங்குத்து அச்சில் புரட்டினால் மறுபக்கம் நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளின் காசுகளைப் பிரிக்க அது நல்ல துப்பு.

ஆணி, திருகு, லாடம் இதெல்லாம் வேண்டாத குப்பையா?

குப்பை என்று பெரும்பாலானோர் வீசுவது இவற்றைத்தான், ஆனால் ஒரு இடத்தின் வயதைச் சொல்ல ஆணியைவிட நேர்மையான சாட்சி குறைவு.

நாலு பக்கமும் கூம்பிக்கொண்டே போய், தலையில் சுத்தியல் அடி தெரிந்தால் கொல்லர் கையால் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் கூம்பி, மற்ற இரண்டு பக்கம் இணையாக இருந்தால் தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டியது, 1790களில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடியது. உருண்டையான கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எல்லா இடத்துக்கும் பரவியது. திருகாணியைப் பார்த்தால் முனையைப் பாருங்கள். முனை மொட்டையாக இருந்தால் 1840களின் பிற்பாதிக்கு முந்தையதாக இருக்கலாம், கூர்முனைத் திருகாணி இயந்திரத்தில் செய்யப்பட்டது அதற்குப் பிறகுதான். தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால் 1930களுக்குப் பிறகு.

இதே மாதிரி இன்னும் சில எல்லைக்கோடுகளை மனதில் வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். அலுமினியம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது 1886இல் மின்சாரம் கொண்டு பிரிக்கும் முறை வந்த பிறகு, அதனால் சாதாரண அலுமினியப் பொருள் எதுவும் அதற்கு முந்தையது இல்லை. துருப்பிடிக்காத எஃகு 1913ஐ ஒட்டி. டின்னை இழுத்துத் திறக்கும் வளையம் 1960கள். உங்கள் குழியில் ஆழத்தில் அந்த வளையம் வந்தால் மேலே இருந்த மண் அதற்குப் பிறகு கிளறப்பட்டது என்றும் அது சொல்கிறது.

ஈய உருண்டை கிடைத்தது. துப்பாக்கிக் குண்டா?

உருண்டையாக இருந்து, நடுவில் மெல்லிய கோடு சுற்றி ஓடி, ஒரு இடத்தில் வெட்டிய தழும்பு இருந்தால் பெரும்பாலும் ஆம். கோடு இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம், தழும்பு ஈயம் ஊற்றிய வாய். ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் சுட்டு எதிலோ மோதியது. பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியின் உருண்டைக் குண்டு 17.5 மில்லிமீட்டரை ஒட்டி, 30 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். கைத்துப்பாக்கிக்கானது சின்னது. கூம்பாக, அடியில் குழியோடு, சுற்றிலும் பள்ளக் கோடுகளோடு இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த மினியே வகைத் துப்பாக்கிக் குண்டு.

நடுவில் ஓட்டை உள்ள ஈய வட்டு நூல் நூற்கும் தக்களிக் கட்டையாகவோ மீன் வலைக் குண்டாகவோ இருக்கலாம். இரண்டு ஈயத் தகடு சேர்த்து நசுக்கி எழுத்து பொறித்திருந்தால் துணிப் பொதிக்கோ மூட்டைக்கோ போட்ட முத்திரை. ஈயம் எல்லாம் குப்பை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்த முத்திரைகளை லென்ஸில் பார்க்க வேண்டும், ஊர்ப் பெயரும் வணிகர் குறியும் இருக்கும்.

வெடிக்காத தோட்டாவோ குண்டோ மாதிரி இருக்கிறது, என்ன செய்வது?

தொடாதீர்கள். மண்ணைத் தட்டாதீர்கள், குழியிலிருந்து எடுக்காதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிப் போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள். எத்தனை வருடம் கிடந்தாலும் வெடிமருந்து வெடிக்கும், உலோகம் அரித்தபின் சில வகைகளில் ஆபத்து கூடும். கூம்பு முனையோடு கனமான இரும்பு உருளை, சிறகு வைத்த குழாய், அன்னாசி போலக் கட்டம் கட்டமான உருண்டை எதுவாக இருந்தாலும் அடையாளம் காணும் வேலை நம்முடையது இல்லை.

சின்னச் சின்ன முத்திரை எழுத்துகளை எப்படிப் படிப்பது?

எண்ணிலிருந்து தொடங்குங்கள். 925, 900, 800 என்றால் வெள்ளி, ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கு. 916, 750, 585, 375 என்றால் தங்கம். நடக்கும் சிங்கம் இங்கிலாந்தின் 92.5 சதவீத வெள்ளி, அதன் பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஒற்றை எழுத்து ஒன்று கூடவே இருக்கும், அது வருடம். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சேர்ந்துதான் வருடத்தைச் சொல்லும் என்பதால் எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், படமாக எடுங்கள். பிரான்சில் 1838 முதல் வெள்ளிக்கு மினர்வா தேவியின் தலை, 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை.

இ.பி.என்.எஸ். (EPNS) என்று நாலு எழுத்து இருந்தால் அது முலாம். உள்ளே இருப்பது ஜெர்மன் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும், பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே ஒரு துளியும் கிடையாது. மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தது 1840இல், ஆகவே இந்த எழுத்து உள்ள எதுவும் அதற்குப் பிந்தையது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் 1890க்குப் பிறகாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வருடம் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் மூலைக்கு மூலை இருந்தால் அது 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்த குறி, பதிவு செய்த நாள் வரைக்கும் அதிலிருந்து எடுத்துவிடலாம்.

கனமான கறுப்புக் கல், காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா?

பெரும்பாலும் இல்லை. உடைந்த பக்கத்தில் குமிழி ஓட்டைகள் தெரிந்தால் அது உலைக் கசடு. குமிழி இல்லையென்றால் பீங்கான் ஓட்டின் மெருகு போடாத பின்பக்கத்தில் உரசிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் காந்தக்கல், சிவப்புக் கோடு விழுந்தால் வேறொரு இரும்புத் தாது. கோடே விழவில்லை, குமிழியும் இல்லை, மேலே விரலால் அழுத்தியது போலக் குழிகள் இருக்கின்றன என்றால் நிலவியல் துறை உள்ள பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். இரும்பு விண்கல்லில் நிக்கல் கட்டாயம் இருக்கும், சோதித்தால் தெரிந்துவிடும்.

சரி, எப்போதுதான் சுத்தம் செய்யலாம்?

என்னவென்று தெரிந்த பிறகு, அதுவும் தேவைப்பட்டால். தங்கத்தைத் தண்ணீரில் அலசலாம். வெள்ளியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் தானாக இளகியதும் மென்மையான தூரிகையால் ஒற்றி எடுக்கலாம். செம்புக் கலவையில் உலர்ந்த மண்ணை மரப்பல்குச்சி முனையால், லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு துகளாகத் தள்ளலாம். சாயங்காலம் முழுக்க ஒரு காசுக்கே போகும், போகட்டும்.

எலுமிச்சை, வினிகர், பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொடி, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். பச்சைப் பூச்சை அழுக்கு என்று நினைக்கிறோம், உண்மையில் காசின் எழுத்து மிஞ்சியிருப்பதே பல சமயம் அந்தப் பூச்சில்தான், உள்ளே இருக்கும் உலோகத்தில் இல்லை. அமிலம் போட்டால் பூச்சோடு எழுத்தும் கரைந்து, கீழே சிவப்பாக, சொறி பிடித்த செம்பு மட்டும் இருக்கும். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழைய யோசனையும் ஆபத்தில்லாதது அல்ல, அந்த எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது.

இரும்பை மின்னாற்பகுப்பு முறையில், அதாவது சலவைச் சோடா கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, துரு நீக்குகிறார்கள். கோடரி, பூட்டு போன்ற கனமான பொருளுக்கு அது சரி. மின்சாரத்தின் மறுமுனையாகத் துருப்பிடிக்காத எஃகை வைக்காதீர்கள், விஷமுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிய அறையிலும் செய்யக் கூடாது. கடலில் கிடைத்த இரும்பை மட்டும் காயவே விடாதீர்கள். உள்ளே ஊறிய உப்பு காயும்போது பொருள் அடுக்கடுக்காகப் பிளந்து கொட்டிவிடும். தண்ணீரிலேயே வைத்துப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

செம்புப் பொருளில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது, ஏன்?

அதை வெண்கல நோய் என்பார்கள். மண்ணிலிருந்த குளோரைடு உப்பு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகிறது. நல்ல களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும், இது விரல் பட்டாலே மாவு போல வரும். அந்தப் பொருளைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரம் போனால் வேகம் நிற்கும். பி.வி.சி. உறையில் எந்தக் காசையும் வைக்காதீர்கள், ஈயத்தை ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் மெதுவாக அமிலம் விடும்.

ஒன்றல்ல, வரிசையாகப் பல பொருட்கள் வருகின்றன. தொடர்ந்து தோண்டலாமா?

நிறுத்துங்கள். இதற்கு நான் எப்போதும் இரண்டு சம்பவங்களைச் சொல்வேன்.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தர டிடெக்டரோடு போன எரிக் லாஸ் என்பவருக்குத் தங்கக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வர ஆரம்பித்தன. கொஞ்சம் எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து, எது எதன் மேல் இருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ரோமானியப் பிரிட்டனின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த 15,000 காசுகளுக்கு மேல், வெள்ளிப் பாத்திரங்கள், நகைகள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தாலும் கீல்களும் குட்டி வெள்ளிப் பூட்டுகளும் கிடந்த இடத்தை வைத்து எந்தப் பொருளை எந்தப் பெட்டியில் அடுக்கினார்கள் என்பதுவரை சொல்ல முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, புதையலோடு அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

1999இல் ஜெர்மனியின் நெப்ரா அருகே அனுமதியில்லாமல் தோண்டிய இரண்டு பேருக்குச் சூரியன், நிலா, நட்சத்திரம் தங்கத்தில் பதித்த, சுமார் 3,600 ஆண்டு பழமையான வெண்கலத் தட்டு கிடைத்தது. அவசரத்தில் மண்வெட்டி பட்டு விளிம்பு சிதைந்தது, தங்கத்தில் ஒரு பகுதி பிய்ந்தது. கைமாறிக் கைமாறிப் போய் 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் காவல்துறை மீட்டது. அது உண்மையா, எங்கே கிடைத்தது என்று நிரூபிக்க உதவியவற்றில் ஒன்று, பொருட்களில் ஒட்டியிருந்த மண். அதைக் கண்டெடுத்த இடத்து மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாராவது முழுக்கக் கழுவித் துடைத்திருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்காது. தேய்க்காதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இதுவும் காரணம்.

கிடைத்தது எனக்குச் சொந்தமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சில இடங்களில் கருவியை எடுத்துக்கொண்டு போவதற்கே அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தேடுவது பெரும்பாலும் குற்றம். நில உரிமையாளரிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், உங்கள் நாட்டில் பழம்பொருளை யாரிடம், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தோண்டப் போகும் முன் படித்துவிடுங்கள்.

தெரிந்தவர்களிடம் படம் காட்டிக் கேட்கும்போது எப்படி எடுப்பது?

இரண்டு பக்கமும், விளிம்பும், பக்கவாட்டு வெளிச்சத்தில். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள், விரலையோ காசையோ வைக்காதீர்கள், உங்கள் ஊர்க் காசின் அளவு மற்றவருக்குத் தெரியாது. எடையை எழுதுங்கள். காந்தம் ஒட்டியதா, எவ்வளவு ஆழம், கூட வேறு என்ன வந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘இது ரோமானியக் காலத்ததா?’ என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள், பார்ப்பவர் கண்ணும் அங்கேயே போய்விடும்.

எல்லாம் பார்த்தும் தெரியவில்லை என்றால்?

எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வார்த்ததா, அடித்ததா, தகட்டை மடித்ததா, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது. ஒரு துளையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஏதோ தொங்கியிருக்கிறது. ஒரு முனை உடைந்திருந்தால் இது பெரிய பொருளின் துண்டு. இப்படிப் பார்த்துப் பார்த்தே பல சமயம் பெயர் வந்துவிடும். வராமலும் போகும். ரோமானியர் காலத்துப் பன்னிரண்டு முக வெண்கலக் கூடு, ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவு வட்டத் துளை, மூலைக்கு மூலை குமிழ், நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, எதற்குப் பயன்பட்டது என்று இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. அதனால் உங்கள் பொருளுக்கும் பெயர் கிடைக்கவில்லை என்றால் பையில் எண், இடம், ஆழம், தேதி, எடை எழுதி, மண்ணோடு அப்படியே வையுங்கள். என் அலமாரியில் அப்படி ஒரு தட்டு இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். போன முறை பார்த்தபோது ஏழு வருடமாக ‘கொக்கி போன்றது’ என்று எழுதி வைத்திருந்த ஒன்று, உடைந்துபோன காலணிப் பக்கிளின் நடுக்கம்பி என்று தெரிந்தது.